காலி நிலமும் வேலை செய்கிறது: ட்ரோன் சோதனை வளாக விரிவாக்கம் – வாசகர் கேள்வி-பதில்

ஒரு கொட்டகை, ஒரு பறப்புத் திடல் என்று சிறிய அளவில் ட்ரோன் சோதனை நடத்துபவர்கள் அதை முழுமையான வளாகமாக, புதிய நிறுவனங்கள் வந்து தங்கள் கருவிகளைச் சோதித்துத் திருத்திக்கொண்டு போகும் இடமாக வளர்க்க நினைக்கிறார்கள். அவர்களிடமிருந்து இம்மாதம் நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களிடம் பத்து ஏக்கர் திடல் இருக்கிறது. 25 கிலோ வரையுள்ள மல்டிரோட்டர்களை (பல சுழலிகளால் எழும்பும் ட்ரோன்களை) 120 மீட்டர் உயரம் வரை பறக்கவிட்டுச் சோதிக்க இது போதுமா?

பதில்: போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் விரிவாக்கத் திட்டங்களில் பெரும்பாலானவை சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பத்து ஏக்கர் என்பது சுமாராக 200 மீட்டருக்கு 200 மீட்டர் சதுரம். அந்தச் சதுரம் முழுவதிலும் ட்ரோன் பறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே முதலில் ஒரு தடுமாற்ற வளையம் வேண்டும், அதாவது எல்லை மீறிய ட்ரோனை நிறுத்துவதற்கான இடம். ட்ரோன் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எல்லையைத் தாண்டுகிறது. ஜிபிஎஸ் பிழைக்கும் வரைபடப் பிழைக்கும் 4 மீட்டர் விடுங்கள். விமானி சுதாரிக்க ஒரு விநாடி, அதற்குள் 15 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக். விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் (ட்ரோன் ஏறக்குறைய 27 டிகிரி பின்னால் சாய வேண்டும்) நிற்க 22.5 மீட்டர் ஆகும். கூட்டினால் 42 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 45 என்று வைப்போம்.

அடுத்தது விழும் வளையம். 120 மீட்டரில் மோட்டார்கள் நின்றுபோனால், காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், தரையைத் தொட 5 விநாடி. அந்த 5 விநாடியும் 15 மீட்டர் வேகத்தில் முன்னோக்கியும் போய்க்கொண்டிருக்கும். ஆக 75 மீட்டர். மோட்டாரை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க மூன்று விநாடி தாமதமானால் இன்னும் 45. மொத்தம் 120. ‘எவ்வளவு உயரமோ அவ்வளவு அகலம்’ என்று சோதனைத் திடல்களில் சொல்லும் எளிய விதி இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆகப் பக்கத்துக்கு 165 மீட்டர். 200 மீட்டர் சதுரம் 530 மீட்டர் சதுரமாகிறது. அது 28 ஹெக்டேர், ஏறக்குறைய 69 ஏக்கர். பறப்பதற்குப் பத்து ஏக்கர் என்றால், அதைச் சுற்றிச் சும்மா கிடக்க 59 ஏக்கர்!

இதைக் கண்டு மலைக்க வேண்டாம். அந்த 59 ஏக்கரும் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பறக்கும் நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தால் போதும். பக்கத்து நிலத்துக்காரரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு, வரும் வழிகளில் தடுப்பு, கண்காணிக்க ஆள் என்று ஏற்பாடு செய்யலாம். உயரத்தைக் குறைப்பது இன்னொரு வழி. 60 மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் அதே விதிப்படி பக்கத்துக்கு 105 மீட்டர் போதும்; மொத்தம் 42 ஏக்கருக்குள் அடங்கிவிடும். சோதனைகளில் பாதிக்கு மேல் 60 மீட்டருக்குக் கீழேயே முடித்துவிடக் கூடியவை. ஆகவே வாரத்தில் சில நாட்களை மட்டும் முழு உயரத்துக்கு ஒதுக்கினால் நிலப் பிரச்சினை வெகுவாகக் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். பாராசூட் இருந்தால் வளையம் சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விழும் வேகம் குறையும், மோதலின் வலுவும் குறையும். தூரம் குறையாது, கூடும். விநாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கினால் 120 மீட்டர் இறங்க 24 விநாடி. காற்று 8 மீட்டர் வேகத்தில் அடித்தால் அதற்குள் 190 மீட்டர் தள்ளிப்போகும். நிலையான இறக்கை கொண்ட ட்ரோன் இன்னும் மோசம். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பத்து மீட்டர் சறுக்கும் வடிவமைப்பு என்றால், மோட்டார் நின்ற பிறகும் 1,200 மீட்டர் தாராளமாகப் போகும். அப்படிப்பட்டவற்றுக்கு, கட்டளை கிடைத்ததும் சுக்கான்களைத் திருப்பிக் கீழே சுழன்று விழச் செய்யும் தனி நிறுத்தக் கருவி கட்டாயம். அது பிளைட் கன்ட்ரோலரை (ட்ரோனின் பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினியை) நம்பாமல், தனி ரேடியோ, தனி பேட்டரியில் இயங்க வேண்டும்.

கேள்வி: இடம் குறைவு என்பதால் வலைக்கூண்டு கட்டப்போகிறோம். நீளம் 60 மீட்டர், அகலம் 30, உயரம் 15. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அதில் என்ன செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அதே வேகத்தைப் பிடிக்க 22.5 மீட்டர், நிறுத்த 22.5 மீட்டர். 60 மீட்டரில் மிஞ்சுவது 15 மீட்டர், அதாவது சீரான வேகத்தில் ஒரே ஒரு விநாடி. வலையிலிருந்து விலகியிருக்க வேண்டிய தூரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. ஆகவே கூண்டு வேகச் சோதனைக்கு உதவாது. புது மென்பொருளின் முதல் பறத்தல், நிலையாக மிதத்தல், ஒரு மோட்டார் செயலிழந்தால் சமாளிக்கும் திறன், தடைகளைக் கண்டு விலகுதல், கூட்டமாகப் பறத்தல் ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018-இல் திறந்த வலைக்கூண்டு 120 அடி நீளம், 80 அடி அகலம், 50 அடி உயரம்தான். உங்கள் கூண்டு அதைவிட நீளமானது, உயரம் கிட்டத்தட்ட அதே.

வலைக்கு முடிச்சில்லாத பின்னல் வாங்குங்கள். முடிச்சு போட்ட வலை முடிச்சுகளில்தான் முதலில் தேயும். கண்ணியின் அளவு, அங்கே பறக்கும் மிகச் சிறிய ட்ரோனின் கை நுழையாத அளவாக இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டரிலிருந்து 50 வரை பொதுவாகப் போதும். கண்ணி சிறிதாகச் சிறிதாகக் காற்றின் விசை கூடும். மழையில் நனைந்த வலையின் எடையும் சேரும். தூண்களையும் அடித்தளத்தையும் கணக்கிடும் பொறியாளரிடம் ‘இது வெறும் வலைதானே’ என்று சொல்லிவிடாதீர்கள். புயல் காற்றில் ஈர வலை பாதி சுவர் மாதிரி நடந்துகொள்ளும். முடிந்தால் பக்க வலைகளைத் திரைபோல ஒதுக்கிக் கட்டும்படி கம்பிவடத்தில் தொங்கவிடுங்கள்.

வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. விறைப்பான வலை ட்ரோனைத் தூக்கி எறியும். ஒன்றரை அடியாவது உள்வாங்கும் தொய்வு இருந்தால்தான் அது ட்ரோனைப் பிடித்து நிறுத்தும். அதே காரணத்தால் பார்வையாளர் நிற்கும் கோடு வலையிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடி ஓரத்தில் வலை தரையோடு முடியாமல் ஒரு மீட்டர் அளவுக்கு உள்பக்கமாக மடிந்து கிடக்கட்டும், அதன் மேல் எடைக் கயிறு ஓடட்டும். கவிழ்ந்து தரையோடு சறுக்கிவரும் ட்ரோன் வெளியேறுவது அந்த இடுக்கு வழியாகத்தான்.

வெயில் வலையை மெல்ல மெல்லக் கொல்லும். வாங்கும்போதே அதே வலையில் சில துண்டுகளைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றை எடுத்து இழுத்து அறுத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது தாங்கிய எடையில் பாதிக்கு வந்துவிட்டால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். இடிதாங்கி, பறவை சிக்கினால் எடுக்க உயரமான ஏணி இரண்டும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: புதிதாகக் கான்கிரீட் மேடை போட்டோம். அதிலிருந்து எழும்பும் ட்ரோன்கள் ‘காம்பஸ் பிழை’ காட்டுகின்றன. சில, எழும்பியதும் வட்டமடித்து விலகுகின்றன. பழைய மண் தரையில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: மேடைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள்தான் காரணம். பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான்; மிகவும் மெலிந்தது. கம்பி வலை அதைப் பல டிகிரி திருப்பிவிடும். தரையில் நிற்கும்போது ட்ரோன் அந்தத் திரும்பிய வடக்கைத்தான் வடக்கு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு மீட்டர் எழும்பியதும் உண்மையான வடக்கு தெரிகிறது. திசை தவறாக இருப்பதால் இடத்தைத் திருத்தக் கொடுக்கும் சாய்வும் தவறான பக்கம் போகிறது, அதனால்தான் வட்டம்.

கம்பிகளை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. மேடைக்குக் கீழே நேர்மின்சாரக் கேபிள் ஓடுகிறதா பாருங்கள். ஒற்றைக் கம்பியில் 50 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் தள்ளி 10 மைக்ரோடெஸ்லா புலம் உண்டாகும். கிடைமட்டப் புலம் 40 மைக்ரோடெஸ்லா உள்ள இடத்தில் அது செங்கோணத்தில் குறுக்கிட்டால் காம்பஸ் 14 டிகிரி விலகும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒட்டி முறுக்கிப் போட்டால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாக்கடை மூடி, வடிகால் ஜல்லடை, பக்கத்தில் நிறுத்திய வண்டி எல்லாமே கணக்கில் வரும்.

மேடையை அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் கட்டங்களாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மரத்தாலான அல்லது பிளாஸ்டிக் முக்காலியில் மேக்னெட்டோமீட்டரை (காந்தப்புலம் அளக்கும் கருவியை) வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் 20 சென்டிமீட்டர் உயரத்திலும் ஒன்றரை மீட்டரிலும் எண்ணைக் குறியுங்கள். எடுப்பவரின் பெல்ட் பக்கிள், சாவி, கைப்பேசி எல்லாம் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு உயரத்துக்கும் இடையே திசை இரண்டு டிகிரிக்கு மேல் மாறும் கட்டங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். மேடை முழுவதும் சிவப்பாகிவிட்டால், ஒன்றரை மீட்டர் உயர மர மேசையிலிருந்து பறக்கவிடலாம். திசையையும் தானே காட்டும் இரட்டை ஆன்டெனா ஜிபிஎஸ் உள்ள ட்ரோன்களுக்குக் காம்பஸையே அணைத்துவிடலாம். காம்பஸ் அளவீடு செய்வதை மட்டும் அந்த மேடையில் ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே அளவீடு செய்த ட்ரோன் அந்த மேடையின் பிழையை வேறு ஊருக்கும் சுமந்துகொண்டு போகும்.

அடுத்த மேடைக்கு இரும்புக்குப் பதில் கண்ணாடி இழைக் கம்பி கேளுங்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாளே மேலே சொன்ன அளவீட்டைச் செய்துவிடுங்கள். ஊற்றிய பிறகு செய்ய ஒன்றுமில்லை.

கேள்வி: ஓடுபாதை தார் போட வேண்டுமா?

பதில்: மல்டிரோட்டருக்குத் தேவையில்லை. சிறு இறக்கை ட்ரோனுக்குக் கெட்டிப்பட்ட, சமமாக வெட்டிய புல்தரையே மேல். வயிற்றால் இறங்குபவற்றுக்குத் தார் கேடு. தளர்ந்த சரளை மட்டும் வேண்டாம். ப்ரொப்பெல்லர் அதை உறிஞ்சித் தன் விளிம்பையே கடித்துக்கொள்ளும்.

கேள்வி: மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் தரும் தள்ளுவிசையை அளக்கும் உந்துவிசை மேடை வாங்கினோம். மோட்டார் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைவிட எப்போதும் 10 முதல் 15 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. மேடை பழுதா?

பதில்: பெரும்பாலும் மேடை சரியாகத்தான் இருக்கும்; அது நிற்கும் அறையும் அளக்கும் முறையும்தான் சரியில்லை. வரிசையாகச் சரிபாருங்கள்.

மின்னழுத்தம் முதலில். அட்டவணை பெரும்பாலும் அசையாத மின்வழங்கியில் எடுத்தது. நீங்கள் பேட்டரியில் ஓட்டினால் முழு த்ராட்டிலில் (மோட்டாருக்குத் தரும் வேகக் கட்டளை உச்சத்தில் இருக்கும்போது) மின்னழுத்தம் சரியும். இ.எஸ்.சி.யின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றின்) வாசலில் வோல்ட் அளவை எடுத்து, அதே வோல்ட்டில் உள்ள வரியோடு ஒப்பிடுங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது காற்றின் அடர்த்தி. கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ, அதே அழுத்தத்தில் 35 டிகிரியில் 1.146 கிலோ. அதே சுழற்சி வேகத்தில் உந்துவிசை ஆறரை சதவீதம் குறையும். 3,000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி 0.909 தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் பதிந்தால்தான் இன்றைய எண்ணை மூன்று மாதம் கழித்து வரும் எண்ணோடு ஒப்பிட முடியும். வரும் நிறுவனங்களுக்கு உங்கள் வளாகம் விற்பது அந்த ஒப்பிடும் வசதியைத்தான்.

மூன்றாவது அறை. மூடிய அறையில் ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று சுவரில் மோதிச் சுற்றி வந்து மறுபடி அதன் முன்னால் நுழையும். ஐந்தாவது விநாடியில் எடுத்த எண்ணும் அறுபதாவது விநாடியில் எடுத்த எண்ணும் வேறுபட்டால் இதுதான் காரணம். ப்ரொப்பெல்லரின் அச்சைக் கிடையாக வையுங்கள். காற்று வெளியேறும் பக்கம் அதன் விட்டத்தைப் போல் ஐந்து மடங்காவது தடையின்றி இருக்கட்டும். முடிந்தால் அந்தப் பக்கம் ஷட்டர் கதவாகவே இருக்கட்டும். தரையிலிருந்து உயரம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. தாங்கும் கை காற்றோட்டத்தின் குறுக்கே அகலமாக நின்றால் அதுவும் உந்துவிசையைத் தின்னும்.

கடைசியில் லோடு செல், அதாவது விசையை அளக்கும் உணரி. அளக்கப்போகும் உச்ச விசை அதன் கொள்ளளவில் பாதியளவு இருப்பது நல்லது. தெரிந்த எடைக்கற்களை ஐந்து படிகளில் ஏற்றி, அதே ஐந்து படிகளில் இறக்கி, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண் வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பூஜ்யத்தைக் குறியுங்கள். இரண்டு பூஜ்யமும் உச்ச விசையில் அரை சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். மோட்டாரின் சூடு செல்லைத் தொட்டிருக்கும். த்ராட்டிலைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எண் அடங்கும் வரை நில்லுங்கள். ஏதோ ஒரு படியில் மட்டும் எண் துள்ளினால் அது மேடையின் அதிர்வெண். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100. இரண்டு அலகுள்ள ப்ரொப்பெல்லர் அதை 200 அடியாகத் தட்டும். மேடையை ரப்பர் சுத்தியால் தட்டி அதன் சொந்த அதிர்வெண் எங்கே இருக்கிறது என்று முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

15 அங்குல ப்ரொப்பெல்லரின் நுனி 6,000 சுற்றில் விநாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போகிறது. அது உடைந்தால் துண்டுகள் சுழலும் தளத்தில்தான் பறக்கும். பாலிகார்பனேட் தடுப்பு இருந்தாலும் அந்தத் தளத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. தரையில் மஞ்சள் கோடு போட்டு வையுங்கள்.

கேள்வி: இப்போது பேட்டரிகளை ஒரு மேசையில் வைத்துத்தான் சார்ஜ் செய்கிறோம். நாற்பது நிறுவனங்கள் வந்தால் தனி அறை கட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு மின்சாரம், என்ன பாதுகாப்பு?

பதில்: ஆறு செல், 22 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 488 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு மணி நேர வேகத்தில் சார்ஜ் செய்தால் இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 630 வாட். ஒரே நேரத்தில் இருபது என்றால் 12.6 கிலோவாட். இது சமாளிக்கக் கூடியது. வேளாண் ட்ரோன்கள் வந்தால் கதை மாறும். பதினான்கு செல், 30 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்தே நிமிடத்தில் நிரப்ப ஒன்றுக்கே 10 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். திடலின் ஓரத்துக்குக் கேபிள் இழுக்கும்போதே இதை நினைத்துத் தடிமனைத் தீர்மானியுங்கள். பிறகு பள்ளம் தோண்டி மாற்றுவது முதல் செலவைவிட அதிகம் பிடிக்கும்.

அறை ஓடுகளும் சிமென்டுமாக இருக்கட்டும், மரச் சாமான் வேண்டாம். வெளிக்காற்றுக்கு நேரடியாகத் திறக்கும் விசிறி, புகை உணரி, அது ஒலித்தால் அறையின் சார்ஜர் மின்சாரம் முழுவதையும் தானே துண்டிக்கும் காண்டாக்டர் (மின்சுவிட்ச்) மூன்றும் முதல் நாளே இருக்க வேண்டும். பறந்து வந்த பேட்டரி கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே சார்ஜரில் ஏறலாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழ் இருக்கும் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து பிற்பாடு உள்ளே மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும். இரண்டு நாளுக்கு மேல் பறக்காத பேட்டரி செல்லுக்கு 3.8 வோல்ட்டில் தூங்கட்டும். 4.2-இல் நிரப்பி வாரக்கணக்கில் வைத்ததுதான் பெரும்பாலும் உப்பிப்போகிறது.

இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காற்றுப் புகாத பெட்டி என்றால் அது வெடிக்கும். எரியும் செல் பெருமளவு வாயு கக்கும்; அதில் எரியும் வாயுவும் உண்டு, நச்சு வாயுவும் உண்டு. பெட்டிக்கு மேல் பக்கம் வெளியே போகும் வழி வேண்டும். தீப்பிடித்தால் நிறையத் தண்ணீர்தான் மருந்து, ஏனென்றால் பக்கத்து செல்களைக் குளிர்விக்க வேண்டும். உலர்பொடி சுடரை அணைக்கும், வெப்பத்தை எடுக்காது.

விழுந்த ட்ரோனின் பேட்டரி உப்பாவிட்டாலும் உள்ளே வராது. வெளியே, கட்டடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி, மழை படாத கூரைக்குக் கீழே கான்கிரீட் தொட்டியில் குறைந்தது ஒரு நாள். பிறகு மின்தடையை இணைத்து மெல்ல வடித்து, அங்கிருந்தே கழிவுக்கு அனுப்புங்கள். உப்புத் தண்ணீரில் போடும் பழைய முறை வேண்டாம். முனைகள் துருப்பிடித்துப் போகும், பேட்டரி வடியாமலே நிற்கும். வடிந்துவிட்டது என்று எண்ணி யாரோ ஒருவர் கையில் எடுப்பார்.

கேள்வி: ஜிபிஎஸ் சிக்னலைத் தடுத்தால் ட்ரோன் என்ன செய்கிறது என்று சோதிக்க வேண்டும். திடலில் சிறிய தடுப்புக் கருவி வைத்துச் செய்யலாமா? 10 மில்லிவாட்தான்.

பதில்: கூடாது. பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி குற்றம், அதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது ஒரு வாட்டில் பத்தாயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு அளவே இருக்கும். நீங்கள் சொல்லும் 10 மில்லிவாட் நேர்ப்பார்வையில் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ரிசீவரைக் குருடாக்கிவிடலாம். அங்கே போய்க்கொண்டிருப்பது ஆள் ஏறிய ஹெலிகாப்டராக இருக்கலாம்.

மலிவான வழி கேபிள். ட்ரோனின் ஜிபிஎஸ் ஆன்டெனாவைக் கழற்றி, போலி ஜிபிஎஸ் சிக்னல் தரும் சிமுலேட்டரையும் இரைச்சல் மூலத்தையும் வேண்டிய அளவு மட்டுப்படுத்திகளோடு அந்த முனையில் நேரடியாக இணைத்தால் முக்கால்வாசி சோதனை மேசையிலேயே முடிந்துவிடும். ஆன்டெனாவோடு சேர்த்துச் சோதிக்க வேண்டுமென்றால், ரேடியோ அலைகள் வெளியே போகாத கவச அறை வேண்டும். அதன் பலவீனமான இடம் கதவு. கதவைச் சுற்றியுள்ள செம்பு விரல்களில் தூசியும் கை எண்ணெயும் படிந்தால் கவசம் ஓட்டையாகிவிடும். வாரம் ஒருமுறை துடைத்து, மாதம் ஒருமுறை உள்ளே சிறு சிக்னல் மூலத்தை வைத்து வெளியே கசிகிறதா என்று கதவைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். போலி ஜிபிஎஸ் சிக்னல் கசிந்தால் வளாகத்துக் கடிகாரங்களெல்லாம் வேறு தேதி காட்டத் தொடங்கும்.

கேள்வி: காற்றுச் சோதனைக்கு விசிறிச் சுவர் கட்டலாமா? புதுக் கட்டடங்களை எங்கே எழுப்புவது என்றும் சொல்லுங்கள்.

பதில்: இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 2017-இல் திறந்த மையத்தில் பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் 1,296 சிறு விசிறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக ஆட்டுவிக்கலாம் என்பதால் சூறையையும் சுழலையும் உருவாக்க முடிகிறது. நீங்கள் கட்டுவதென்றால் மின்சாரத்தை முதலில் கணக்கிடுங்கள். மூன்று மீட்டர் சதுரத்தில் விநாடிக்கு 15 மீட்டர் காற்றை ஓட்ட, காற்றில் சேரும் ஆற்றல் மட்டும் 18.6 கிலோவாட், விசிறியின் திறன் பாதி என்றால் 37. வேகத்தை 20 ஆக்கினால் 88! வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் கடைசி ஐந்து மீட்டர் வேகம்தான் விலை கூடியது. விசிறிக்கு முன்னால் தேன்கூட்டுத் தட்டு இல்லாவிட்டால் காற்று முறுக்கிக்கொண்டு வரும். தட்டின் ஆழம் ஒரு கண்ணின் அகலத்தைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு இருக்கட்டும். ட்ரோனின் அகலம் சுவரின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கட்டட இடத்துக்கு, ஒரு வருடக் காற்றுத் திசைப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு வரைபடம் போடுங்கள். எட்டு மீட்டர் உயரக் கொட்டகைக்குப் பின்னால் 80 முதல் 120 மீட்டர் வரை காற்று குழம்பிக் கிடக்கும். திடல் அந்தப் பக்கம் அமைந்துவிட்டால் எல்லா ட்ரோனும் எழும்பும்போதே தள்ளாடும். நல்ல கட்டுப்பாட்டு மென்பொருளையும் மோசமானது என்று எழுதிவிடுவீர்கள். அதிகம் காற்று வரும் பக்கம் திடல், அது போகும் பக்கம் கட்டடம். காற்றுமானியை 10 மீட்டர் கம்பத்தில் வையுங்கள். அங்கே விநாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் திறந்தவெளியில் 120 மீட்டர் உயரத்தில் 14 மீட்டர் இருக்கும் என்பதைக் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதி மாட்டுங்கள்.

கேள்வி: போட்டி நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் வேலை செய்தால் சண்டை வராதா?

பதில்: ரகசியம் பற்றிய சண்டையைவிட அலைவரிசைச் சண்டைதான் முதலில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆறு பேர் ஒரே நேரத்தில் ட்ரோனை இயக்க, அலுவலக வைஃபையும் அதிலேயே ஓடினால் யாரோ ஒருவரின் இணைப்பு அறுந்துவிடும். அலுவலக வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ட்ரோன் வீடியோ ஓடும் 5.8 பக்கத்துச் சேனல்களை அதில் அணைத்துவிடுங்கள். திடல் வாசலில் ஒரு பலகை, சேனலுக்கு ஒரு வில்லை. வில்லையைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே அந்தச் சேனலில் ரேடியோவை இயக்கலாம். விலை மலிந்த ஏற்பாடு, கணினி முறைகளைவிட நன்றாக வேலை செய்கிறது.

பூட்டும் அறைகள் தனித்தனி, அளவிடும் கருவிகள் பொது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடிகாரம் இருக்கட்டும். ட்ரோனின் லாக், காற்றுமானி, கேமரா மூன்றும் இரண்டு விநாடி முன்பின்னாக இருந்தால் விபத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. விழுந்த ட்ரோனை முதலில் படம் எடுத்து, பேட்டரியைப் பிரித்து, மெமரி கார்டை இருவர் முன்னிலையில் நகலெடுத்த பிறகே உரியவரிடம் கொடுங்கள்.

கேள்வி: பார்வைக்கு அப்பால் பறக்கும் ஐந்து கிலோமீட்டர் வழித்தடம் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. அதற்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: வான்வெளி அனுமதிக்கான பேச்சை இன்றே தொடங்குங்கள். கட்டடம் எழும்பும் வேகத்தில் வான்வெளி கிடைக்காது. ஒதுக்கப்பட்ட வான்பகுதியா, அறிவிப்பு கொடுத்துப் பகிர்வதா, ஆள் ஏறிய விமானங்களை எப்படிக் கண்டறிவது என்று ஒவ்வொன்றுக்கும் பல சுற்றுகள் ஆகும். அந்த விண்ணப்பத்துக்கு வலுச் சேர்ப்பது, உங்கள் இடத்தின் மேல் உண்மையில் எத்தனை விமானங்கள், எந்த உயரத்தில் போகின்றன என்ற பதிவு. விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் அறிவிக்க அனுப்பும் சிக்னலைக் கேட்கும் 1,090 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்றைக் கூரையில் வைத்து இப்போதே பதியத் தொடங்கினால், மூன்றாம் கட்டம் வரும்போது கையில் பெரிய தரவு இருக்கும். ஆனால் அந்தச் சிக்னலை அனுப்பாத சிறு விமானங்களும் கிளைடர்களும் அதில் வராது. அவற்றுக்கு ரேடாரோ கண்காணிக்கும் ஆளோ வேண்டும்.

ரேடியோவில் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி 12.5 மீட்டர் ஆரம் திறந்திருக்க வேண்டும். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது ஏழரை மீட்டர், கட்டாயம். ட்ரோன் 60 மீட்டரில் பறக்கும்போது கவலையில்லை. மறுமுனையில் இறங்க ஐந்து மீட்டருக்கு வந்ததும், உங்கள் ஆன்டெனா பத்து மீட்டர் கம்பத்தில் இருந்தால், நடுவழியில் கோடு தரையிலிருந்து ஏழரை மீட்டரில்தான் ஓடுகிறது. அங்கே ஒரு மரவரிசை இருந்தால் போதும், தரையிறங்கும் அந்த நேரத்தில் இணைப்பு போய்விடும். மறுமுனையில் இரண்டாவது தரைநிலையம் வைத்து, இறங்குவதற்கு முன் கட்டுப்பாட்டை அதற்கு மாற்றுவதே தீர்வு. அந்த மாற்றத்தையும், இணைப்பு அறுந்தால் ட்ரோன் தானே என்ன செய்கிறது என்பதையும் வலைக்கூண்டில் முதலில் சோதியுங்கள்.

கேள்வி: பணம் குறைவு. எல்லா வகைச் சோதனையும் தர வேண்டுமா? எதில் தொடங்குவது?

பதில்: எல்லாம் தர வேண்டியதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 டிசம்பரில் ஆறு சோதனை அமைப்புகளைத் தேர்ந்தபோது நிலவியலும் தட்பவெப்பமும் வேறுபட்டிருப்பதையும் பார்த்தது; அலாஸ்காவும் நெவாடாவும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. உங்கள் இடத்தில் இயல்பாகவே கடற்காற்றும் உப்பும் இருந்தால் அரிப்புச் சோதனையையும், தூசி இருந்தால் தூசிச் சோதனையையும் பெரிதாக்குங்கள். குளிர் அறையை வேறிடத்தில் வாடகைக்கு எடுங்கள்.

முதல் செலவு சுற்று நிலத்துக்கான உடன்பாடும் ஒரு வருடக் காற்றுப் பதிவும். அடுத்தது பேட்டரி அறை. அதன் பிறகு அளவீட்டுத் தொழில்நுட்பர் ஒருவர், முழுநேரச் சம்பளத்தில். எடைக்கற்கள், லோடு செல், காற்றுமானி, மின் அளவிகள் எல்லாவற்றின் அளவீட்டுத் தேதியும் அவர் பொறுப்பு. வெளி நிறுவனங்கள் உங்கள் சோதனை அறிக்கையைச் சான்றுக்குப் பயன்படுத்த வேண்டுமானால் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (சோதனைக்கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் கேட்பார்கள். அதற்கு வரும் தணிக்கையாளர் முதலில் திறந்து பார்ப்பது அவருடைய பதிவேட்டைத்தான். வலைக்கூண்டும் உந்துவிசை மேடையும் அவர் சேர்ந்த பிறகு, அவர் சொல்லும் வரிசையில் வாங்குங்கள். விசிறிச் சுவர் கடைசியில், நிறுவனங்கள் எழுத்தில் கேட்டால் மட்டும்.